சூடு தாங்குற பூஜி

பொட்டலத்தை டிரைவர் ஆறுமுகம் பிரித்தார். உள்ளே நான்கு மெழுகுவத்திகள் இருந்தன. குட்டையாக, தடிமனாக, வெள்ளை வெளேரென்று.

வில்லியனூரைத் தாண்டி, ஆற்றுமணலைக் கடந்து, மங்கலம் போகும் வழியில் ஒரு புளியமரத்தடியில் எங்கள் கார் நின்றிருந்தது. இன்ஜின் மூடி திறந்து கிடந்தது. காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நெற்றியில் சந்தனமும் தலையில் பட்டு உருமாலும் கையில் காப்புக் கயிறுமாக நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அன்றைய கல்யாண மாப்பிள்ளை நான்தான். பெண் பாகூரில் காத்திருந்தாள்.

ஆறுமுகம் மெழுகுவத்தியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அதை வாங்கி வந்த என் அக்கா புருஷன் தனகோட்டி மாமாவைப் பார்த்தார்.

"இன்னாங்க இது?"

"பூஜிப்பா. நீ கேட்டதுதான். குட்டை, நாலு" என்றார் மாமா. அவருக்கு மூச்சு வாங்கியது. வழியில் போன ஒருவரிடம் சைக்கிளை இரவல் வாங்கி, வில்லியனூர் வரை மிதித்துவிட்டுத் திரும்பியிருந்தார். "காத்துல அணையாததா பாத்து வாங்கினேன்."

ஆறுமுகம் போய்ப் புளியமரத்து வேரில் உட்கார்ந்துகொண்டார். நல்ல மனுஷர். வேறு யாராவதாக இருந்திருந்தால் அந்த மெழுகுவத்தியாலேயே மாமாவை அடித்திருப்பார்கள்.

மாமாவின் நியாயம்

பிரெஞ்சுக்காரன் ஆண்ட எங்கள் மண்ணில் காரின் பாகங்களுக்கெல்லாம் பிரெஞ்சுப் பெயர்தான். பக்கத்திலேயே கடலூர், அங்கே இங்கிலீஷ்காரன் ஆட்சி, அங்கே 'பிளக்' என்பார்கள். எங்கள் பக்கத்து டிரைவர்கள் 'பூஜி' என்பார்கள். இன்ஜினுக்குள் பொறி தட்டி எண்ணெயைப் பற்ற வைக்கிற சாமான் அது. அது செத்தால் கார் வெறும் தகரக் கொட்டகை.

கெட்ட காலம், பிரெஞ்சில் மெழுகுவத்திக்கும் அதே பெயர்.

தனகோட்டி மாமா புதுச்சேரியில் ஒரு வெள்ளைக்காரத் துரை வீட்டில் சமையல்காரராக இருந்தவர். அந்த வீட்டில் சாயங்காலமானால் துரைசாணி "பூஜி" என்று கூப்பிடுவாள், மாமா மெழுகுவத்தியோடு போய் நிற்பார். வருஷக் கணக்காக இப்படி நின்றவர். அவரிடம் போய் பூஜி வாங்கி வா என்றால் வேறு எதை வாங்கி வருவார்?

"கார் இன்ஜினுக்கு எதுக்கு மாமா மெழுகுவத்தி? பட்டப்பகல்ல?" என்று நான் கேட்டேன். குரல் எனக்கே அழுகிற மாதிரி இருந்தது.

"அவருதானப்பா சொன்னாரு? உள்ள ஒரே கரி, பூஜி இல்லாம ஒண்ணியும் பண்ண முடியாதுன்னாரு. உள்ள இருட்டா கீது, வெளிச்சம் கேக்கறாருன்னு நெனச்சேன்."

இதில் எங்கே தப்புக் கண்டுபிடிப்பது? ஆறுமுகம் சொல்லி அனுப்பியதை வரிசையாக நினைத்துப் பார்த்தேன். 'கோயிலாண்ட கடையில கேளுங்க' என்றார். அவர் மனசில் இருந்தது வில்லியனூர் சிவன் கோயில் பக்கத்தில் கார் பழுது பார்க்கிற கொட்டகை. மாமா போனது மாதா கோயில் வாசலில் மெழுகுவத்திக் கடை. 'குட்டை பூஜி, நெட்டை வேணாம்' என்றார். மெழுகுவத்தியிலும் குட்டை நெட்டை உண்டு. 'நாலு' என்றார். நாலு வந்துவிட்டது. 'சூடு தாங்குறதா பாத்து வாங்குங்க' என்றும் சொன்னார். மாமா அதையும் மறக்காமல் கடையில் சொல்லித்தான் வாங்கியிருக்கிறார்.

இவ்வளவு ஒழுங்காக ஒரு காரியத்தைக் கெடுத்தவரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

பூஜை போட்டாச்சு

மாமாவை மட்டும் சொல்லிப் பயனில்லை. இந்தக் கூத்துக்குப் பந்தக்கால் நட்டவர் என் அப்பா.

நாங்கள் மண்ணாடிப்பட்டுப் பக்கம். கொஞ்சம் நெல், கொஞ்சம் கரும்பு. கார் எங்களுடையது அல்ல, ஊர்ப் பெரிய பண்ணையுடையது. பழைய பிரெஞ்சுக் கார். கல்யாணத்துக்கென்று பண்ணையார் இரவல் கொடுத்திருந்தார். ஆறுமுகம் அதன் டிரைவர்.

கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு ஆறுமுகம் அப்பாவிடம் வந்து, "மின்னாடியே பூஜி போட்டுடணுங்க. இல்லன்னா வழியில மானத்த வாங்கிடும்" என்றாராம்.

"பூஜ போடாமலா? ஜாம் ஜாம்னு போட்டுடலாம்" என்றார் அப்பா.

சொன்னபடியே போட்டார். ஆறுமுகம் தன் ஊருக்குப் போயிருந்த சமயத்தில், வண்டியைக் கழுவி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, முன்பக்கம் முழுக்கச் சந்தனமும் குங்குமமும் அப்பி, மாவிலைத் தோரணம் கட்டி, அய்யனாருக்குக் காட்டுகிற மரியாதையெல்லாம் அந்தக் காருக்குக் காட்டினார்.

கல்யாணத்தன்று விடியலில் திரும்பி வந்த ஆறுமுகம் கேட்ட ஒரே கேள்வி, "பூஜி போட்டாச்சுங்களா?"

"நேத்தே போட்டாச்சு" என்றார் அப்பா பெருமையாக.

போடுவது என்ற வினைச்சொல் நம் தமிழில் எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்கிறது. பட்டணத்திலிருந்து ஆள் வந்து மாற்றிவிட்டுப் போயிருப்பான் என்று ஆறுமுகம் நினைத்துக்கொண்டார். அப்பா, இவன் எவ்வளவு பக்தியுள்ள டிரைவர் என்று நினைத்துக்கொண்டார். மற்றவர்கள் முந்தின சாயங்காலமே மாட்டு வண்டிகளில் பாகூருக்குக் கிளம்பிவிட்டார்கள். அப்பா மட்டும் எனக்காக நின்று, விடியலில் அய்யனார் கோயிலில் என் கையால் தேங்காய் உடைக்க வைத்து, பெரியவர் ஒருவரின் குதிரை வண்டியில் உடனே முன்னால் போய்விட்டார். கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளை குலதெய்வத்துக்குத் தேங்காய் உடைக்காமல் ஊரைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். கார் இருக்கிறதே, ஒரு நொடியில் போய்விடலாம் என்ற தைரியம்தான்.

சந்தனம் வைத்த இடமெல்லாம் கார் நன்றாகவே இருந்தது. உள்ளேதான் சரியில்லை.

பாகூரில் ஒரு புது வேட்டி

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கார் நின்றதற்கு நான் ஏன் அப்படிக் கலங்கினேன் என்று வாசகர்கள் கேட்கலாம். முகூர்த்தம் தவறினால் இன்னொரு முகூர்த்தம் பார்த்தால் போயிற்று என்று இன்றைக்குச் சொல்லிவிடலாம்.

என் பெண்டாட்டி அஞ்சலைக்குத் தாய்மாமன் ஒருவர் இருந்தார். அவருக்கு ஒரு மகன். முறைப்படி அஞ்சலை தன் வீட்டுக்கு வரவேண்டிய பெண், எங்கிருந்தோ மண்ணாடிப்பட்டுக்காரன் வந்து கொத்திக்கொண்டு போகிறான் என்று அவருக்கு ஆரம்பத்திலிருந்தே பொருமல். பந்தல் கால் நடுகிற அன்றே, "அவன் வரலன்னா என் புள்ள இருக்கான், மணை காலியா போவாது" என்று எல்லார் காதிலும் விழச் சொல்லியிருந்தார். இந்தச் செய்தி எங்கள் ஊர் வரை வந்து சேர்ந்திருந்தது.

குறித்த முகூர்த்தம் வெறுமனே போகக் கூடாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மாப்பிள்ளை வராவிட்டால், முறையுள்ளவன் எவனையாவது உட்கார வைத்துத் தாலி கட்டச் சொல்லிவிடுவார்கள். பெண்ணை யாரும் கேட்க மாட்டார்கள்.

நான் அஞ்சலையைப் பார்த்தது ஒரே ஒரு தடவை. ஆனாலும் அவளை இன்னொருவன் பக்கத்தில் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. மாட்டு வண்டி பிடித்துப் போனால் சாப்பாட்டுப் பந்திக்குத்தான் போய்ச் சேர முடியும், அதுவும் கடைசிப் பந்திக்கு.

ஆறுமுகம் கார் நின்ற உடனேயே நான்கு பிளக்கையும் கழற்றிப் பார்த்திருந்தார். எல்லாம் அட்டைக் கரி. தென்னை நாரால் தேய்த்துப் பார்த்தார், மணல் காகிதத்தால் சுரண்டினார். இரண்டு அரைகுறையாகத் தேறின. மற்ற இரண்டில் பீங்கானே விரிசல் விட்டிருந்தது. "இத தேச்சி பிரயோசனமில்ல மாப்ள, நாலையும் மாத்திடணும்" என்றார். அதற்கப்புறம்தான், ஆறுமுகத்தின் எண்ணெய்த் துணியைக் கையில் பிடித்தபடி சாலையில் சைக்கிள் தேடி நின்ற மாமா கிளம்பிப் போனது.

எப்போது மாற்றுவது, எதை வாங்குவது

வாராவாரம் நான் எழுதும் இந்தப் பகுதிக்குச் சென்ற வாரம் கடிதம் போட்ட ஒரு வாசகர், 'உங்கள் கார்க் கதையெல்லாம் சரி, பிளக்கை எப்போது மாற்ற வேண்டும், எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று உருப்படியாக ஒரு வரி சொல்லக் கூடாதா' என்று கேட்டிருந்தார். உருப்படியாகச் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. புளியமரத்தடியில் எனக்கு அப்போது வேறு வேலையும் இல்லை.

காலையில் கிளம்ப அடம் பிடித்தாலோ, மேட்டில் ஏறும்போது இருமினாலோ, வழக்கத்தைவிட அதிகம் பெட்ரோல் குடித்தாலோ, உடனே மெக்கானிக்கைத் திட்டாதீர்கள். பிளக்கைக் கழற்றி முனையைப் பாருங்கள். காய்ந்த பாக்கு நிறத்தில் இருந்தால் உங்கள் காருக்கு ஆரோக்கியம். துடைத்துத் திரும்பப் போடுங்கள். காய்ந்த கரி அடைந்திருந்தால், பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது பெட்ரோலே கலப்படம். இன்ஜின் எண்ணெய் வழிந்து ஈரமாக இருந்தால் பிளக்கைக் குறை சொல்லாதீர்கள், இன்ஜினுக்கு வயசாகிவிட்டது. வெளுத்துப் பொரிந்திருந்தால் அளவுக்கு மேல் சூடேறுகிறது. முனையின் ஓரங்கள் உருண்டு தேய்ந்துபோனால் மாற்றுங்கள். பீங்கானில் மயிரிழை விரிசல் கண்டால் யோசிக்கவே வேண்டாம். ஓட்டைப் பானையில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினால் என்ன?

எங்கள் கார் கெட்டது கலப்பட எண்ணெயால். அது உலகச் சண்டைக் காலம். பெட்ரோல் கிடைப்பதே அரிது, கிடைத்ததில் பாதி மண்ணெண்ணெய். புதுப் பிளக் வரவேண்டிய கப்பல்களெல்லாம் எந்தக் கடலில் நின்றனவோ. உள்ளதைச் சுரண்டிச் சுரண்டியே காலம் தள்ளினார்கள்.

வாங்கும்போது மூன்றைப் பார்க்க வேண்டும். முதலில் மரை, அதாவது திருகிப் பூட்டுகிற பள்ளக் கோடுகள். இங்கிலீஷ் கார் பிளக்கின் மரை வேறு, பிரெஞ்சுக் கார் மரை வேறு. கடலூரில் மலிவு என்று வாங்கி வந்து முறுக்கி ஏற்றியவர்கள், பிளக்கோடு இன்ஜின் தலையையும் கெடுத்துக்கொண்டார்கள். அடுத்தது நீளம். குட்டை வேண்டிய இடத்தில் நெட்டையைப் போட்டால் பிஸ்டன் வந்து முட்டும். நெட்டை வேண்டிய இடத்தில் குட்டையைப் போட்டால் பொறி குழிக்குள்ளேயே பதுங்கிக்கொள்ளும்.

மூன்றாவதுதான் சூடு. சில பிளக் சூட்டை உடனே வெளியே தள்ளிவிடும். ஓயாமல் ஓடுகிற வண்டிக்கு அது. சில பிளக் சூட்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, மேலே படிகிற கரியைத் தானே எரித்துவிடும். கொஞ்ச தூரம் ஓடி நின்று, கண்ட எண்ணெயையும் குடிக்கிற வண்டிக்கு அதுதான் ஏற்றது. ஆறுமுகம் 'சூடு தாங்குறது' என்று சொன்னது இந்த இரண்டாவது ஜாதியை.

அந்த ஒரு வார்த்தைதான் என் கல்யாணத்தைக் காப்பாற்றியது.

ஜட்காவில் வந்தவர்

மாமா வந்து கொஞ்ச நேரம் கழித்து, ஆற்றுப் பக்கமிருந்து ஒரு ஜட்கா வந்தது. மணலில் இழுத்ததில் குதிரைக்கு வாயெல்லாம் நுரை. எங்கள் காருக்குப் பக்கத்தில் வந்து நின்றது. வெள்ளைச் சேலையும் கழுத்தில் ஜெபமாலையுமாக நடுத்தர வயது அம்மாள் ஒருவர் இறங்கினார்.

"மெழுகுவத்தி சூடு தாங்குமான்னு கேட்ட ஆளு எங்க?" என்றார்.

மாமா கையைத் தூக்கினார்.

மெழுகுவத்திக் கடைக்காரர் அவர். பெயர் செசிலியம்மா. கடை வாசலில் மாமா சொன்னதைக் கேட்டு முதலில் அவரும் சரியாகத்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறார். மாமா போன பிறகுதான் உறுத்தியிருக்கிறது.

"சூடுன்னாலே உருகற சாமான் மெழுகுவத்தி. அது சூடு தாங்கணும்னு எவனாவது கேப்பானா? அப்புறம் பாத்தா, கடை பலகையில இவரு கை வெச்ச எடமெல்லாம் கருப்பு எண்ண. எங்க வூட்டுக்காரரு சொந்தமா கார் வெச்சி ஓட்டினவரு. அந்த கறைய நான் தேச்சி தேச்சி தொவைச்சிருக்கேன். இது அந்த பூஜின்னு அப்பதான் புரிஞ்சிது."

இடுப்பிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்து ஆறுமுகத்திடம் நீட்டினார். உள்ளே பிளக்குகள். எண்ணெய் தடவி, ஒவ்வொன்றாகத் துணி சுற்றி, புத்தம் புதுசாக இருந்தன. ஒரு கட்டு குட்டை, இன்னொரு கட்டு நெட்டை.

"குட்டைன்னுதான் சொன்னாரு. ஆனா மெழுகுவத்தியவும் இவரு அப்படித்தான கேட்டாரு, அதான் எதுக்கும் இருக்கட்டும்னு ரெண்டையும் எடுத்துக்கினு வந்தேன்."

ஆறுமுகம் குட்டையை எடுத்து மரையைத் தடவிப் பார்த்தார். பிரெஞ்சு மரைதான்.

"உங்க காருக்கு வெச்சிருந்ததுங்களா?" என்று கேட்டார்.

செசிலியம்மாவின் புருஷன் கடல் தாண்டி, பிரெஞ்சுக்காரன் ஆண்ட சைகோனுக்கு வேலைக்குப் போனவர். போவதற்கு முன் காரைக் கொட்டகையில் ஏற்றி, துணி போட்டு மூடி, மாற்றுச் சாமான்களைத் துடைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார், வந்ததும் ஓட்டலாம் என்று. அதற்குள் சண்டை வந்துவிட்டது. கடிதமும் இல்லை, கப்பலும் இல்லை.

எனக்கு அதைக் கேட்டதும் வாங்கிக்கொள்ள மனசு வரவில்லை. "வேணாம்மா. அவரு வந்து கேட்டா இன்னா சொல்லுவீங்க?" என்றேன்.

"அவரு வரணும்னா கப்பல் ஓடணும். கப்பல் ஓடினா பூஜியும் தானா வரும். இப்ப அவசரம் உனக்குத்தான்" என்றார்.

என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் எனக்கு நல்லது செய்திருக்கிறார்கள். தன் புருஷன் திரும்பி வருவதற்காக எடுத்து வைத்ததை, முன்பின் தெரியாத ஒருவன் கல்யாணத்துக்காக அவிழ்த்துக் கொடுத்தவர் அவர் ஒருவர்தான். அந்தப் புளியமரத்தடியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாப்பிள்ளை அழக் கூடாது என்று மாமா அதட்டினார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

நேரம் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டை ஆறுமுகம் பூட்டினார், இரண்டை நான் பூட்டினேன். கார் ஒரு தடவை செருமிவிட்டு உயிர் பிடித்தது. விலை கேட்கிற துணிச்சல் எனக்கு இல்லை. மாமாதான் கேட்டார்.

"கல்யாணத்துக்கு மொய் எழுத மாட்டாங்களா? அப்படி எழுதிக்க" என்றார் செசிலியம்மா. மெழுகுவத்தியைத் திருப்பித் தரப் போனோம். "அதுவும் இருக்கட்டும். அவரு கஷ்டப்பட்டு பாத்து வாங்கினது" என்று சொல்லி, மாமாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஜட்காவில் ஏறினார்.

ஏரிக்கரையில் ஹார்ன்

பாகூர் ஏரிக்கரையில் கார் ஏறியதிலிருந்து ஆறுமுகம் ஹார்னிலிருந்து கையை எடுக்கவில்லை.

பந்தலில் என்ன நடந்தது என்பதை அஞ்சலை எனக்குப் பிற்பாடு சொன்னாள். முகூர்த்தம் முடியப் போகிறது என்று ஐயர் பரபரத்ததும், தாய்மாமன் தன் மகனைக் குளிக்கச் சொல்லிப் புது வேட்டி கட்ட வைத்துவிட்டார். என் அப்பா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். அஞ்சலையின் அப்பாவும் ஒரு மாதிரி இறங்கி வந்துவிட்டார். பையன் மணையை நோக்கி வந்தபோது அஞ்சலை எழுந்து நின்றுவிட்டாளாம்.

"வர்றவரு வரட்டும். வரலன்னா நான் எழுந்து வூட்டுக்குள்ள போறேன். இதுல வேற யாரும் உக்கார வேணாம்" என்றாளாம். அந்த நேரத்தில்தான் ஏரிக்கரையிலிருந்து ஹார்ன் கேட்டது.

"ஒரு தடவதான பாத்த? எந்த நம்பிக்கையில அப்படி சொன்ன?" என்று அவளிடம் கேட்டிருக்கிறேன்.

"பொண்ணு பாக்க வந்தவங்க எல்லாரும் எங்க அப்பாகிட்ட எம்பேரு கேட்டாங்க. நீங்கதான் என்கிட்ட கேட்டீங்க" என்றாள்.

எனக்கு அது நினைவே இல்லை. ஆனாலும் அன்றைக்குக் கேட்ட என் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்.

ஓடிப் போய் மணையில் உட்கார்ந்தேன். கை கழுவக்கூட யாரும் விடவில்லை. கெட்டிமேளம் முழங்க மூன்று முடிச்சும் போட்டு முடித்தபோதுதான் பார்த்தேன், மஞ்சள் கயிற்றில் என் விரல் பட்ட இடமெல்லாம் கருப்பு. பெண்கள் முகம் சுளித்தார்கள். கறை பட்ட தாலி ஆகாது, வேறு கயிறு மாற்ற வேண்டும் என்று யாரோ சொன்னார்கள்.

"இருக்கட்டும்" என்றாள் அஞ்சலை தலை நிமிராமல்.

பாவம், அந்தப் புது வேட்டிக்காரனும் நல்லவன்தான். பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "நல்ல வேள வந்துட்ட மச்சான். எனக்கு கிருமாம்பாக்கத்துல ஒரு பொண்ணு மேல மனசு" என்று காதோடு சொன்னான். அடுத்த தையில் அவன் கல்யாணத்துக்கு நாங்கள் முதல் ஆளாகப் போனோம்.

திருப்பிச் செய்தது

சண்டை முடிந்து, கப்பல் ஓடி, சைகோன்காரர் ஒருநாள் வந்து சேர்ந்தார். பாதி உடம்பாகத்தான் வந்தார். ஆனால் வந்துவிட்டார். கேள்விப்பட்டதும் அஞ்சலையும் நானும் புதுச்சேரியில் தேடி அலைந்து குட்டை பிளக் நான்கு வாங்கிக்கொண்டு வில்லியனூர் போனோம். அவர் காரில் நானே பூட்டினேன்.

செசிலியம்மா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "சூடு தாங்குமா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் கார்க் கொட்டகையே ஆடியது.

ஆனால் மொய் என்று சொன்னதை இப்படித் தீர்த்துவிட முடியாது என்பாள் அஞ்சலை. வாங்கிய மொய்யை அந்த வீட்டுக் கல்யாணத்தில்தான் திருப்பிச் செய்ய வேண்டும். அவர்களுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. அந்த வீட்டில் ஒரு கல்யாணம் நடக்கவே இல்லை. இப்போது அவர்கள் இரண்டு பேருமே இல்லை.

ஆகவே, எப்போது மாற்றுவது என்று கேட்ட வாசகருக்கு மேலே சொன்னதெல்லாம் உங்கள் காருக்கு. என் காருக்கு வேறு கணக்கு. சொந்தமாகக் கார் வாங்கிய நாளிலிருந்து, வருஷா வருஷம் எங்கள் கல்யாண நாளில் நான்கு பிளக்கையும் மாற்றிவிடுவேன். இன்னும் எவ்வளவோ ஓடும், ஏன் ஐயா வீணடிக்கிறீர்கள் என்று மெக்கானிக் தலையில் அடித்துக்கொள்வான். தேய்ந்த பிறகு கழற்றி என்ன பயன்? நன்றாக இருக்கும்போது கழற்றினால்தானே இன்னொருவனுக்குக் கொடுக்க முடியும். கழற்றியதைத் துடைத்து, எண்ணெய் தடவி, துணியில் சுற்றிக் காரிலேயே வைத்திருப்போம். பிறகு வில்லியனூர் போய் மாதா கோயிலில் குட்டை மெழுகுவத்தி நான்கு ஏற்றிவிட்டு வருவோம்.

போன தடவை அங்கிருந்து அஞ்சலை வீட்டைப் பார்க்கப் பாகூர் போகும் வழியில், அரியாங்குப்பம் தாண்டி ஒரு மீன் வண்டி நின்றிருந்தது. கூடை கூடையாக மீன், மேலே வெயில். மீன்காரம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். நான் இறங்கி அவர்கள் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். அட்டைக் கரி. மரையும் நீளமும் பொருந்தின. துணியை அவிழ்த்துப் பூட்டிக் கொடுத்தேன். வண்டி கிளம்பியது.

மீன்காரம்மா முந்தானையை அவிழ்த்துக்கொண்டே, "இன்னா குடுக்கட்டும்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் வேணாம்மா. மொய்யின்னு வெச்சிக்க."

"மொய்யா? எங்க வூட்டுல எந்த கல்யாணமும் இல்லியே. யாரு கல்யாணத்துக்கு?"

காருக்குள்ளிருந்து அஞ்சலைதான் தலையை நீட்டினாள்.

"எங்க கல்யாணத்துக்கு வந்தது. திருப்பிச் செய்யிறோம்."